மூன்றாவது பட்டன்

இது நடந்தது. சுவைக்காக ஒரு வரிகூடச் சேர்க்கவில்லை. சேர்க்கத் தெரிந்தவனும் இல்லை நான். அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவன். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். அன்று காலை வரை நானும் உங்கள் பக்கம்தான்.

எல்லாக் காலையும் போலத்தான் அதுவும். அலாரம் அடிப்பதற்கு முன்பே விழித்துக்கொண்டேன். பல் தேய்த்தேன். தண்ணீர் கொதிக்க வைத்து இரண்டு முட்டை போட்டேன். ரொட்டியைச் சுட்டேன். மேஜையில் உட்கார்ந்து தின்றேன். பசி இல்லை. ருசியும் தெரியவில்லை. இருந்தாலும் ஒரு துண்டுகூட மீதி வைக்கவில்லை. தட்டைக் கழுவிக் கவிழ்த்தேன். கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, இருட்டோடு பஸ் பிடித்தேன்.

சாப்பிட்டதற்கு ஒரு காரணம் உண்டு. என் மனைவி இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அவள் போனபோது நான் பக்கத்தில் இல்லை. மெஷினில் நின்றிருந்தேன். அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்று ஃபோன் வந்தது. ஓடினேன். வாசலில் இறங்கி மாடி ஏறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஈரல் திடீரென்று வேலை செய்யாமல் போய்விட்டதாம். அவளுடைய அண்ணன்தான் கூட இருந்தார்.

“கடைசியா என்ன சொன்னா, மச்சான்?”

“உங்களை வேளாவேளைக்குச் சாப்பிடச் சொன்னா, மாப்பிள்ளை.”

அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் நாட்களைத் தள்ளினேன். எனக்கென்று அவள் விட்டுப்போனது அது ஒன்றுதான். அதனால் சாப்பிட்டேன். மருந்து மாதிரி, மூன்று வேளையும்.

நாங்கள் இரண்டு பேரும் கல்லூரியில் அச்சுத் தொழில்நுட்பம் படித்தவர்கள். ஒரே வகுப்பு. ஒரே அச்சகத்தில் வேலை. நான் மெஷினில். அவள் கலர் பாஸ் பண்ணுகிற இடத்தில். அதாவது, நான் அடித்துக் கொடுக்கிற ஷீட் சரியா தப்பா என்று சொல்கிறவள். அவள் கையெழுத்துப் போட்டால்தான் மெஷின் முழு வேகத்தில் ஓடும். அச்சகத்தில் அவளுக்கு வைத்த பெயர் கழுகு. ஒரு இழை சிவப்பு கூடினாலும் அவள் மூக்கில் வேர்த்துவிடும்.

“மெஷின்காரரே, இது ரோஜாவா, வெங்காயமா?” என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். நான் மறுபடி அடிப்பேன்.

கடைசி எட்டு மாதம் அவள் வேலைக்கு வரவில்லை. மை வாடை ஒத்துக்கொள்ளவில்லை, தலை சுற்றுகிறது என்று நின்றுவிட்டாள்.

அன்று அச்சகத்துக்கு வார விடுமுறை. ஒரே ஒரு அவசர வேலை இருந்தது. முகத்துக்குப் பூசும் க்ரீமுக்கான அட்டைப்பெட்டி. பெட்டி மேல் ஒரு பெண்ணின் முகம், பக்கத்தில் ஒரு பச்சை இலை. போன வருஷம் அடித்ததையே மறுபடி அடிக்க வேண்டும். பழைய பெட்டியும் புதுப் பெட்டியும் கடையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். முகத்தின் நிறம் ஒரு மயிரிழை மாறினாலும் க்ரீம் கம்பெனிக்காரர் மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிடுவார்.

வந்திருந்தது மூன்று பேர். நான். பேப்பர் அடுக்கிக் கொடுக்கிறவர். வாய் மூடாததால் அவர் பெயர் ரேடியோ. அப்புறம் என் மச்சான். அவருக்கு அங்கேயே ப்ளேட் ரூமில், மெஷினில் மாட்டும் அச்சுத் தகடு தயாரிக்கிற இடத்தில், வேலை.

மெஷின் ஹாலில் ஜன்னல் கிடையாது. உள்ளே நுழைந்துவிட்டால் பகலா இரவா என்று சொல்ல முடியாது.

“தம்பி, லீவு நாள்ல தொட்டா மெஷினுக்கே கோவம் வரும்” என்றார் ரேடியோ.

“பேப்பரைப் போடுங்கண்ணே.”

“நீங்க ஒரு தடவை சிரிங்க, போடறேன்.”

நான் சிரிக்கவில்லை. அவர் போட்டார்.

முதலில் ஓகே ஷீட்டை எடுக்கப் போனேன். போன வருஷம் அவள் பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போட்ட ஷீட். அதை வைத்துத்தான் இன்றைய நிறத்தை ஒப்பிட வேண்டும். வெளிச்சம் பட்டால் வெளுத்துவிடும் என்று கறுப்பு உறையில் போட்டு பீரோவில் பூட்டி வைத்திருப்போம். பீரோவைத் திறந்தேன். உறை இருந்தது. உள்ளே ஷீட் இல்லை.

திரும்பினேன். அது லைட் பூத்தில் விரித்து வைத்திருந்தது.

“அண்ணே, இதை எடுத்தீங்களா?”

“சாவி உங்க பாக்கெட்ல கெடக்கு. நான் எங்க எடுக்கறது?”

நானே எடுத்து மறந்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். அந்த மாதங்களில் நிறைய மறந்தேன்.

லைட் பூத் என்பது சாம்பல் நிறம் அடித்த ஒரு பெட்டி. மூன்று பக்கம் மூடியிருக்கும். மேலே விளக்குகள். முன்னால் மூன்று பட்டன்கள். முதல் பட்டனை அழுத்தினால் பகல் வெளிச்சம். இரண்டாவது, கடைகளில் எரியும் ட்யூப்லைட். மூன்றாவது, வீட்டு பல்பின் மஞ்சள் வெளிச்சம். ஒரே ஷீட் ஒவ்வொரு வெளிச்சத்தில் ஒவ்வொரு மாதிரி காட்டும். அதனால் முதல் பட்டனில் பார்த்துத்தான் முடிவு பண்ண வேண்டும். மற்ற இரண்டையும் நாங்கள் தொடுவதே இல்லை.

மெஷினை ஓட்டினேன். மையும் தண்ணீரும் சமநிலைக்கு வரக் கொஞ்சம் ஷீட்டுகள் வீணாகும். வீணாக விட்டேன். ஒன்றை உருவி எடுத்து டென்சிட்டோமீட்டரால் அளந்தேன். மை எவ்வளவு கனமாக விழுந்திருக்கிறது என்று எண்ணில் சொல்லும் கருவி அது. நீலம், அதாவது சையான், சரி. சிவப்பு, அதாவது மெஜெண்டா, சரி. மஞ்சள் சரி. கறுப்பு சரி.

பூத்தில் வைத்தேன். முதல் பட்டன்.

இலை சரியாக இருந்தது. எழுத்து சரியாக இருந்தது. முகம்... மஞ்சளாக இருந்தது.

ரேடியோ எட்டிப் பார்த்தார். “என்ன தம்பி, பொண்ணுக்கு மஞ்சக்காமாலையா?”

சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டார். என் முகத்தைப் பார்க்காமல் பேப்பர் அடுக்கப் போனார்.

மறுபடி அளந்தேன். எண்கள் அப்படியே இருந்தன. எண் சரி, கண் தப்பு என்றால் கண்ணைத்தான் நம்ப வேண்டும். இது அவள் சொல்லிக் கொடுத்தது. மஞ்சளைக் குறைத்தேன். ஷீட் உருவினேன். இலையில் பச்சை கொஞ்சம் செத்தது. முகம் முன்னைவிட மஞ்சள்.

இன்னும் குறைத்தேன். இன்னும் மஞ்சள்.

மஞ்சள் மை விழுகிற யூனிட்டில், மையைத் திறந்துவிடும் சாவிகள் எல்லாவற்றையும் அடைத்தேன். ஓட்டினேன்.

கடைசியில் அந்த யூனிட்டையே பேப்பரிலிருந்து விலக்கிவிட்டேன். உருளை பேப்பரைத் தொடவே தொடாது. மூன்று மைதான் விழும். தலைகீழாக நின்றாலும் பேப்பரில் மஞ்சள் வர வழியில்லை.

ஷீட்டை உருவினேன்.

இலை நீலமாகிவிட்டது. மஞ்சள் இல்லாவிட்டால் பச்சை நீலமாகத்தான் வேண்டும்.

முகம் மட்டும் மஞ்சள்.

“நான் டீ வாங்கிட்டு வரேன்” என்றார் ரேடியோ. பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கிட்டத்தட்ட ஓடினார்.

மெஷினை நிறுத்தினேன். கம்ப்ரஸர் மட்டும் கொஞ்ச நேரம் மூச்சு விட்டு அடங்கியது. அதற்குப் பிறகு சத்தமே இல்லை.

லென்ஸை எடுத்துக் கன்னத்தின் மேல் வைத்துக் குனிந்தேன். லென்ஸ் வழியாகப் பார்த்தால் படம் தெரியாது. மைப் புள்ளிகள்தான் தெரியும். நீலப் புள்ளி. சிவப்புப் புள்ளி. அங்கங்கே கறுப்பு. மஞ்சள் புள்ளி ஒன்றுகூட இல்லை.

லென்ஸை எடுத்தேன். கன்னம் மஞ்சள்.

வைத்தேன். இல்லை.

எடுத்தேன்...

அப்போதுதான் கண்ணைப் பார்த்தேன். படத்திலிருந்த பெண்ணின் கண். அதன் வெள்ளைப் பகுதியில் மையே விழாது. அது வெறும் பேப்பர்.

அதுவும் மஞ்சளாக இருந்தது.

ஷீட்டின் இடது மூலை மெதுவாக எழுந்தது. காற்று இல்லை. யாரோ கட்டைவிரலால் பிடித்துத் தூக்குகிற மாதிரி எழுந்தது. விரல் அழுத்துகிற இடத்தில் பேப்பர் லேசாகக் குழிந்தது.

டக்.

மூன்றாவது பட்டன் உள்ளே போனது. நான் தொடவில்லை. அது உள்ளே போவதைப் பார்த்தேன்.

வீட்டு பல்பு வெளிச்சம்.

முகம் சரியாகிவிட்டது. நோய் நொடி இல்லாத முகம்.

டக். முதல் பட்டன். மஞ்சள்.

டக். மூன்றாவது. நல்ல முகம்.

டக்...

டக்...

அந்த நல்ல நிறம் எனக்குத் தெரியும். அது க்ரீம் பெட்டிப் பெண்ணின் நிறம் இல்லை. எட்டு மாதம் சாப்பாட்டு மேஜையில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த நிறம்.

என் வீட்டு வெளிச்சத்தில்.

அவள் வேலையை விட்ட வாரம், வீட்டில் இருந்த வெள்ளை விளக்குகளை எல்லாம் கழற்றிவிட்டு மஞ்சள் பல்பு போட்டாள். கண் கூசுகிறது என்றாள். ஜன்னலுக்குக் கனமான திரை தைத்தாள். ஜெயில் மாதிரி இருக்கிறது என்று நான் சண்டைகூடப் போட்டேன். விடியும் முன் கிளம்பி, இருட்டிய பின் திரும்புகிறவன் நான். ஞாயிறானால் அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவாள். எட்டு மாதத்தில் ஒரு நாள்கூட அவளைப் பகல் வெளிச்சத்தில் பார்த்ததாக நினைவில்லை.

மஞ்சள் வெளிச்சத்தில் மஞ்சள் தெரியாது. எங்கள் தொழிலில் முதல் வருஷப் பையனுக்கும் தெரியும்.

ஷீட்டின் மூலை கீழே இறங்கியது. மெதுவாக. வைத்துவிட்டுப் போகிற மாதிரி.

நான் அங்கே நிற்கவில்லை.

ப்ளேட் ரூமில் எப்போதும் மஞ்சள் விளக்குதான் எரியும். வெள்ளை விளக்கு ப்ளேட்டைக் கெடுத்துவிடும். அந்த வெளிச்சத்தில் யார் முகமும் ஒரே மாதிரிதான், வெளுத்தாலும் சிவந்தாலும். மச்சான் ப்ளேட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“வெளிய வாங்க.”

“என்ன மாப்பிள்ளை, இப்படி மூச்சு வாங்குது?”

“வெளிய வாங்க. வெளிச்சத்துக்கு.”

பின்வாசலில் வெயில் சுள்ளென்று அடித்தது. அங்கே நிறுத்தினேன்.

“என் வீட்டுல பல்பு மாத்தினது யாரு?”

“காலங்காத்தால பல்பு...”

“யாரு?”

அவர் முகம் வெளுப்பது வெயிலில் நன்றாகத் தெரிந்தது.

“நான்தான். அவதான் வாங்கிட்டு வரச் சொன்னா.”

“எப்போலேர்ந்து தெரியும் உங்களுக்கு?”

“அவ வேலையை விட்டாளே... அதுக்கு முன்னாடியே. டாக்டர் கையை விரிச்சிட்டாரு மாப்பிள்ளை. செய்யறதுக்கு ஒண்ணும் இல்லைன்னுட்டாரு.”

“ஞாயித்துக்கிழமை எல்லாம்?”

“ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிட்டுப் போவேன்.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லத் தோணலை.”

“தலைல அடிச்சு சத்தியம் வாங்கிட்டா. ‘அவரு என்னை நோயாளியா பார்க்கக் கூடாது. இருக்கற வரைக்கும் எங்கூட சண்டை போடட்டும்’னா. நான் என்ன பண்ணுவேன்?”

“நான் அவ புருஷன்.”

“நான் அவ அண்ணன்.”

இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ஆளை ஏமாற்றியிருக்கிறார்கள். அந்த ஆள் நான். என் வீட்டில், என் மேஜையில், தினமும்.

அச்சுத் தொழிலில் எல்லாரும் செய்கிற ஒரு தப்பு உண்டு. ஓகே ஷீட்டை மறந்துவிட்டு, போன ஷீட்டோடு இந்த ஷீட்டை ஒப்பிடுவது. போனதற்கும் இதற்கும் வித்தியாசமே தெரியாது. அதற்கு முந்தியதற்கும் தெரியாது. அப்படியே நகர்ந்து நகர்ந்து, ரோஜாவில் ஆரம்பித்த வேலை வெங்காயத்தில் முடிந்திருக்கும். அவள் இதற்காக என்னை எத்தனை திட்டியிருக்கிறாள். என் கண் எப்படித் தப்புப் பண்ணும் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. தெரிந்துதான் தினமும் நேற்றைய முகத்தை மட்டும் எனக்குக் காட்டினாள்.

“கடைசியா என்ன சொன்னா?” மறுபடி கேட்டேன்.

“அதான் சொன்னேனே. சாப்பிடச் சொன்னா.”

கண்ணைப் பார்க்காமல் சொன்னார்.

மறுநாள் அந்த ஷீட்டுகளை எடுத்துப் பார்த்தேன். மஞ்சள் யூனிட் இல்லாமல் ஓடிய அதே ஷீட்டுகள். இலை நீலம். முகம் ஊதா கலந்த சிவப்பு. மஞ்சள் மை இல்லாவிட்டால் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி. கண்ணின் வெள்ளை, வெறும் பேப்பர் வெள்ளை. ரேடியோவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்தார். அன்று முழுக்க அவர் வாயைத் திறக்கவில்லை. அச்சகமே விசாரித்தது.

எல்லா மையும் போட்டு மறுபடி அடித்தேன். முதல் ஷீட்டிலேயே நிறம் சேர்ந்துவிட்டது. க்ரீம் கம்பெனிக்காரர் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

பூத்தில் பட்டன் தானாக மாறுகிறது என்று மட்டும் சொல்லி எலெக்ட்ரீஷியனை வரவழைத்தேன். ஏதாவது ஒரு வயர் உரசுகிறது என்று அவர் சொல்லிவிட்டால் போதும் என்று இருந்தது. அவர் மேல் மூடியைக் கழற்றினார். டார்ச் அடித்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“எந்த பட்டன் மாறுதுன்னீங்க?”

“மூணாவது.”

“விளக்கு எரிஞ்சுதா?”

“எரிஞ்சுது. பார்த்தேன்.”

“வெளையாடாதீங்க சார். மூணாவதுல பல்பே இல்லை. ஹோல்டர்ல சிலந்தி குடும்பம் நடத்துது. வயரைக்கூட வெட்டி டேப் சுத்தியிருக்கு. நான்தான் சுத்தினேன்.”

“எப்போ?”

“மேடம் வேலையை விட்டாங்களே, அன்னைக்கு. கெளம்பறப்ப கூப்பிட்டு, ‘இதைக் கழட்டிடுங்க. இந்த வெளிச்சம் பொய் சொல்லும். யாரும் இதுல பார்த்து ஏமாந்துடக் கூடாது’ன்னாங்க.”

எண்ணிப் பார்த்தேன். என் வீட்டில் அதே வெளிச்சத்தை மாட்டிய வாரம்.

அன்று மாலை மச்சான் வீட்டுக்குப் போனேன். உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மஞ்சள் முகம். எழுந்த மூலை. பட்டன். இல்லாத பல்பு எரிந்தது. அவர் கிண்டல் பண்ணவில்லை. விளக்கு என்று நான் சொன்னதும் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“அவ உங்களைச் சாப்பிடச் சொல்லலை, மாப்பிள்ளை.”

நானும் அவர் எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

“நீங்க வந்து கேட்டீங்க. உங்க முகத்தைப் பார்த்தேன். ஏதாவது சொல்லணுமேன்னு நானாத்தான் சொன்னேன்.”

எரிந்துகொண்டிருந்த விளக்கை அண்ணாந்து பார்த்தார்.

“அந்த ஆஸ்பத்திரி ரூம்ல பெரிய ட்யூப்லைட்டு. பட்டப்பகல் மாதிரி இருந்துச்சு. நீங்க கீழ வந்துட்டேன்னு ஃபோன் பண்ணீங்க. மாப்பிள்ளை வந்துட்டாரும்மா, படியேறிட்டு இருக்காருன்னு அவ காதுல சொன்னேன். கண்ணைத் தொறந்தா. என் கையை இறுக்கிப் புடிச்சா. கடைசியா அவ சொன்னது இவ்வளவுதான்.”

“அண்ணே, அவரு உள்ள வர்றதுக்குள்ள அந்த லைட்டை அணைச்சுடு.”